மயில் படம் போட்ட மணப்பொடி

எங்கள் பேரூராட்சிப் பேருந்து நிலையத்தில் இன்றைக்கு நீங்கள் எந்தக் கடையில் போய்க் கேட்டாலும் அந்தப் பொடி கிடைக்காது. கேட்டால் கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பக்கத்துக் கடைக்காரரும் எட்டிப் பார்ப்பார். தாமிரபரணிக் கரையில் எத்தனையோ ஊர்கள் இருக்க, எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் முதலில் அதைக் கடைகளிலிருந்து ஒழித்துக் காட்டியது எங்கள் ஊர். எங்கள் ஊரில் முதலில் கை தூக்கியது நான். இதை நீங்களே எழுதலாமா என்று வீட்டில் கேட்டார்கள். வேறு யார் எழுதுவார்கள்? எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் அன்றைக்கு எதிர்த்து நின்றவர்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எங்கள் ஊர்ச் சந்தையில், களக்காட்டிலிருந்து வரும் லாரியில் வாழைத்தார் இறக்குகிற வேலையில் சேர்ந்தேன். அதே சந்தையில் இன்று பெரிய வாழைக்காய் மண்டி என்னுடையது. யாரும் தூக்கிவிடவில்லை. நானே என் தோளில் ஏறி நின்றேன். பேரூராட்சித் தேர்தலில் எந்தக் கட்சியும் இல்லாமல் சுயேச்சையாக நின்றேன். ஓட்டுக்காக ஒரு சீப்புப் பழம்கூட யாருக்கும் கொடுக்கவில்லை. ஜெயித்தேன். பேருந்து நிலையம் என் வார்டில்தான் இருக்கிறது.

ஒரு நாள் காலையில் மண்டியில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. என் வார்டில் பீடி சுற்றுகிற ஒரு அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

"ஓட்டுக் கேக்கதுக்கு வீடு வீடா வந்தியளே அண்ணாச்சி, இப்ப வாழைத்தாருக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டா எப்படி?"

"நான் எங்கம்மா ஒளிஞ்சேன்? என்ன விஷயம், சொல்லு."

"எம் மவன் ரெண்டு நாளா பெரியாஸ்பத்திரில கெடக்கான். பஸ் ஸ்டாண்டுல விழுந்து கெடந்திருக்கான். கண்ணு தொறந்துதான் இருக்கு, பெத்தவளத் தெரியல. கஞ்சாவான்னு கேட்டேன், இல்லேங்காவ. சாராயமான்னு கேட்டேன், இல்லேங்காவ. பின்ன என்ன எழவத்தான் தின்னான்னு கேட்டா, எங்களுக்கே தெரியலம்மாங்காவ. இந்தா, இது அவன் சட்டப் பையில இருந்துச்சு."

ஒரு பாக்கெட்டை என் மேசையில் எறிந்தாள். விரல் நீளம் இருக்கும். பளபளவென்று இருந்தது. மேலே தாமரைப் பூ, அதிலிருந்து புகை சுருண்டு எழும்புகிற மாதிரிப் படம். கீழே இங்கிலீஷில் பொடி எழுத்து. என் கணக்குப்பிள்ளை வாசித்துச் சொன்னான்: "வாசனைக்கு மட்டும். உட்கொள்ளக் கூடாதுன்னு போட்டிருக்கு முதலாளி."

"வாசன பிடிச்சவன் ஏன்யா ஆஸ்பத்திரில கெடக்கான்?" என்று அந்த அம்மா கேட்டாள்.

அவள் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறவன். பிறகு பிழைத்து எழுந்துவிட்டான். ஆனால் அன்றைக்கு அது ஒருவருக்கும் தெரியாது. நான் அன்றே பேரூராட்சிச் செயல் அலுவலரைப் போய்ப் பார்த்தேன். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தேன். தாமரைப் படம் போட்ட அந்தப் பொடியைப் பெயர் சொல்லித் தடை செய்தோம். அதை விற்கிற கடை பேரூராட்சிக் கடையாக இருந்தால் குத்தகையே ரத்து என்றும் சேர்த்தோம். எல்லா உறுப்பினர்களும் மேசையைத் தட்டினார்கள். நான் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. பேருந்து நிலைய டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். டீ ஆற்றிக்கொண்டே டீ மாஸ்டர் சொன்னார்:

"அண்ணாச்சி, தாமரையத் தடை பண்ணிட்டீரு. இப்ப மயிலு வந்துட்டு."

"என்னவே சொல்லுதீரு?"

"அதே பாக்கெட்டு, அதே பொடி. படம் மட்டும் மயிலு. பேரும் வேற. நீரு மயிலத் தடை பண்ணும், அவன் மானக் கொண்டாருவான். பொறவு முண்டந்துறைக் காட்டுல உள்ள மிருகம் பூராவையும் நீரு ஒண்ணொண்ணாத் தடை பண்ணணும்."

கடையே சிரித்தது. நானும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன்.

எங்கள் செயல் அலுவலர் ஒரு அம்மா. திருநெல்வேலிப் பக்கத்து ஆற்றங்கரை ஊர்க்காரர், நன்றாகப் படித்தவர், வெடுக்கென்று பேசுவார். அவர் எனக்கு விளக்கிச் சொன்னார்.

"ஐயா, இது செடியில விளையறது இல்ல. எங்கேயோ ஒருத்தன் ரசாயனத்தைக் கலந்து செய்யறான். சட்டத்துல ஒரு ரசாயனத்தோட பேரைப் போட்டுத் தடை பண்ணினா, அவன் கலவையில கொஞ்சம் மாத்துவான். அது புதுசாயிடும். சட்டத்துல அதுக்குப் பேரு இருக்காது. ஆஸ்பத்திரிப் பரிசோதனையிலயும் சிக்காது. நாம பேருக்குப் பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கணும்."

"அப்ப விட்டுருவமா?"

"விடணும்னு சொல்லல. மருந்தைத் தடை பண்ற அதிகாரம் நமக்கு இல்ல. ஆனா கடை நம்முது. உரிமம் நாம கொடுக்கறது. அதுல என்ன செய்யலாம்னு யோசிக்கணும்."

யோசிப்பதற்கு எனக்கு வேறு இடம் வேண்டாம், மண்டி போதும். எங்கள் மண்டிக்கு வருகிற ஒவ்வொரு தாரின் காம்பிலும் விவசாயியின் பெயரெழுத்து மையால் எழுதியிருக்கும். எழுத்து இல்லாத தாரை நான் ஏலத்தில் ஏற்ற மாட்டேன். ரஸ்தாளியாக இருக்கட்டும், செவ்வாழையாக இருக்கட்டும், தேன் மாதிரி இனிக்கட்டும், எனக்குக் கவலையில்லை. எவன் தோட்டத்தில் வெட்டியது என்று தெரியாத தார் திருட்டுத் தார். பிஞ்சா பழமா என்று பார்க்கும் முன்னால் அவன் யார் என்று பார்ப்போம். இந்தச் சந்தையில் எல்லா மண்டியிலும் இதுதான் வழக்கம்.

இதை அப்படியே செயல் அலுவலரிடம் சொன்னேன். "பேரே போட வேண்டாம்மா. வாயில போடுறதோ, மூக்குல இழுக்கிறதோ, புகைய விடுறதோ, எதுவானாலும் சரி. எவன் செஞ்சான், எங்கன செஞ்சான்னு இல்லாத பாக்கெட்டு நம்ம கடையில இருக்கப்படாது. தீந்துது."

"பொய் விலாசம் அடிச்சிட்டு வந்தா?"

"அடிப்பான்."

அவர் பேனாவைத் திறந்தார். "அப்படின்னா கடைக்காரர் அதை வாங்கின பில்லும் வச்சிருக்கணும். பில் கொடுத்தவர் ஆள் இருக்கணும். இல்லாட்டி விக்கிறவரே செஞ்சவர்னு எடுத்துக்கலாம்." நான் எழுந்து நின்று கும்பிட்டேன். கயிறு என்னுடையது. முடிச்சு அந்த அம்மா போட்டது. இதை நான் எந்தச் சபையிலும் மறைத்ததில்லை.

இதைத் தீர்மானமாகக் கொண்டுவர அடுத்த கூட்டத்துக்குத் தேதி வைத்தாயிற்று. அதற்குள் இந்த மயில் எந்தக் கடையில் விற்கிறது என்று தெரிந்துகொள்ள டீ மாஸ்டரிடமே போனேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மயிலு எந்த மரத்துல ஒக்காந்திருக்குன்னு ஊருக்கே தெரியும் அண்ணாச்சி. ஒமக்கு மட்டுந்தான் தெரியல."

"சும்மா சொல்லும்வே."

"சொன்னா ஒம்ம வீட்டுல சோறு கெடைக்காது" என்று சொல்லிவிட்டு, தாடையால் எதிர்ப்பக்கம் காட்டினார்.

அது என் மச்சினன் கடை. என் மனைவியின் ஒரே தம்பி. ஜவுளி வியாபாரத்தில் அடிபட்டு வெறுங்கையாய் நின்றவனை நான்தான் கூட்டிக்கொண்டு வந்து, பேருந்து நிலையத்தில் அந்தக் கடையைக் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்தேன். பூஜைச் சாமான் கடை. சூடம், பத்தி, திருநீறு, குங்குமம், கொஞ்சம் பேனா பென்சில். கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு அந்தக் கடையை விட்டால் வேறு வழி கிடையாது.

நான் போனபோது நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்தான். பத்தி வரிசைக்குப் பக்கத்தில் மயில் சரம் சரமாகத் தொங்கியது.

"வாங்க அத்தான். ஒக்காருங்க. டீ சொல்லட்டா?"

"டீ கெடக்கட்டும். இது என்னது மாப்ளே?"

"மணப்பொடி அத்தான். சாம்பிராணியில தூவுறது. வடக்க இருந்து வருதாம். ஏஜெண்டு வாராவாரம் கொண்டாந்து குடுக்கான். வெல கூடத்தான், ஆனா என்ன ஓட்டம் ஓடுதுங்கிய! பூராவும் காலேஜுப் பிள்ளைய. இந்தக் காலத்துப் பிள்ளையளக் கொற சொல்லுதாவ. எம்புட்டுப் பக்தின்னு எங் கடையில வந்து பாத்தால்லா தெரியும்!"

எனக்குச் சிரிப்பதா அவனை அறைவதா என்று தெரியவில்லை. "ஏ மாப்ளே, இது போதைப் பொடிடே. தாமரைன்னு தடை பண்ணினோமே, அதேதான்."

"அது தாமர. அத அன்னைக்கே திருப்பிக் குடுத்துட்டேன். இது மயிலு. முருகன் வாகனம் அத்தான்."

"ஒரு மணப்பொடிக்கு இம்புட்டு வெலையாடே? நீ ஒரு நாளாவது போட்டுப் பாத்தியா?"

"வெல கூடுன சரக்கு, நமக்கு எதுக்குன்னு வச்சிருக்கேன். நீங்க அரசியலுக்குப் போனதுல இருந்து எல்லாரையும் சந்தேகப்படுதிய."

மறுநாள் அவன் பேருந்து நிலையக் கடைக்காரர்களைத் திரட்டிவிட்டான். பெயர் இல்லாத பாக்கெட் இருந்தால் கடை போகும் என்றால் கடலை மிட்டாய்கூட விற்க முடியாதே என்று அவர்களுக்குப் பயம். உறுப்பினர்களில் பாதிப்பேர் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

கூட்டம் வெள்ளிக்கிழமை நடந்தது. கடைக்காரர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கடைக்காரர்கள் சார்பில் ஒருவர் உள்ளே வந்து பேசலாம் என்றார் பேரூராட்சித் தலைவர். என் மச்சினன் வந்தான். கையில் தூபக்கால், அதில் கணகணவென்று கங்கு. வெள்ளிக்கிழமையானால் எங்கள் ஊரில் சாம்பிராணிப் புகை காட்டாத கடையும் இல்லை, ஆபீசும் இல்லை. அதனால் தூபக்காலோடு வந்தவனை ஒருவரும் தடுக்கவில்லை.

"தலைவர் அவுகளே, எங்க அத்தான் இத போதப் பொடிங்காவ. நான் மணப்பொடிங்கேன். பேச்செதுக்கு? சபையிலயே போட்டுக் காட்டுதேன்" என்று சொன்னான். நான் எழுந்து "ஏலே, வேண்டாம்லே!" என்று கத்துவதற்குள் மயிலைக் கிழித்துக் கங்கில் கொட்டிவிட்டான். போதாததற்கு விசிறியால் வீசினான்.

கருகிய பிளாஸ்டிக்கும் அழுகின பூவும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். முதலில் தலைவருக்கு எதிரில் இருந்த உறுப்பினர் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. அழுதுகொண்டே சிரித்தார். இன்னொருவர் மேலே சுற்றுகிற காற்றாடியைக் கையெடுத்துக் கும்பிட்டார். தலைவர் வேர்த்து ஊற்றி மேசையைப் பிடித்துக்கொண்டார். என் நெஞ்சு லாரி மாதிரி உதறியது. செயல் அலுவலர் ஜன்னலோரம் இருந்ததால் தப்பினார். "எல்லாரும் வெளியே! வெளியே!" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் கால்கள் நகர்ந்தன.

புகைக்கு நேர் மேலே நின்று வீசியவன் என் மச்சினன். விறைத்துப்போய் விழுந்தான். கண் திறந்திருந்தது. பீடி சுற்றும் அம்மா சொன்ன அதே மாதிரி. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனேன். தார் சுமந்த தோள் இது, இந்த வயதிலும் அவனை ஒரே தூக்கில் தூக்கி வெளியே கொண்டுவந்து போட்டேன். ஆம்புலன்ஸ் வந்து அவனைப் பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனது.

மற்றவர்களுக்குத் தலை தெளியப் பிற்பகல் ஆகிவிட்டது. கூட்ட அறைக்குள் திரும்பிப் போக ஒருவரும் தயாராக இல்லை. ஆபீஸ் முற்றத்து வேப்பமரத்தடியில் நின்றபடியே கூட்டம் தொடர்ந்தது. காலையில் என்னை எதிர்த்துப் பேசிய உறுப்பினர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து சொன்னார்: "இது சாம்பிராணின்னா எலி மருந்து எள்ளுருண்டைவே! போடுங்க தீர்மானத்த."

கையைத் தூக்கினேன். என் கைக்குப் பின்னால் எல்லாக் கையும் எழும்பியது. வாசலில் நின்ற கடைக்காரர்கள், அவர்களுக்கு ஓட்டே கிடையாது, அவர்களும் தூக்கினார்கள். சொந்த மண்டி வாங்கிய நாளில்கூட எனக்கு அப்படி ஒரு நிறைவு வந்ததில்லை.

ஆனால் சங்கடம் பிறகு வந்தது. முதல் தீர்மானப்படியே மச்சினன் கடைக்குக் குத்தகை ரத்து நோட்டீஸ் போக வேண்டும். செயல் அலுவலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். பழைய தீர்மானத்துல இருக்கறது தாமரையோட பேரு. அவர் வித்தது மயிலு. அவர் கோர்ட்டுக்குப் போனா ஜெயிச்சிடுவார். அவர் ஜெயிச்சா, நாளைக்கு மத்தவங்களும் போவாங்க. புதுத் தீர்மானத்துக்கு மதிப்பே இருக்காது."

உறுப்பினர்கள் எனக்கு உதவி செய்கிற மாதிரிப் பேசினார்கள். "தெரியாமச் செஞ்சது அண்ணாச்சி. ஒம்ம மச்சினன்வே. புதுத் தீர்மானத்த அடுத்த மாசத்துல இருந்து வச்சிக்கிடலாம். அவரு கடை தப்பிச்சிரும்." நான் முடியாது என்றேன். என் வீட்டு ஆளுக்கு ஒரு தேதி, ஊருக்கு ஒரு தேதி என்று வைத்தால் நான் தூக்கிய கைக்கு என்ன மரியாதை?

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காலையில் போலீஸ் வந்து ஏஜெண்டைப் பற்றி விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். என் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கடைக்குக் குத்தகை ரத்து நோட்டீஸ் வரும் என்று சொன்னதும் சுளையை அப்படியே தட்டில் போட்டாள்.

"எந் தம்பி கடையப் பூட்டிட்டு ஊருக்குள்ள நெஞ்ச நிமித்திக்கிட்டு நடக்கப் போறியளோ? ரெண்டு கொமருகளுக்கு என்ன பதில் சொல்லுவிய? மண்டிக்குப் போங்க. அந்த வாழைத்தாரோடயே குடும்பம் நடத்துங்க."

மச்சினனைப் பார்த்துச் சொன்னேன்: "மாப்ளே, ஒளிக்க ஒண்ணுமில்ல. நீ கேஸ் போட்டா ஜெயிச்சிருவ. கடை ஒனக்கு. நான் ஒன்னத் தடுக்க மாட்டேன். ஆனா நாங்க போட்ட தீர்மானம் அன்னைக்கோட செத்துரும்."

அவன் ஆரஞ்சுத் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு கேட்டான்:

"அத்தான், அந்தப் பீடி சுத்துற அக்கா மவன்... அவன் எங்கிட்டயா வாங்கினான்?"

"ஆமாடே. பொழச்சி எந்திரிச்சதும் அவனே சொல்லிட்டான்."

"ஒசரமா, நெத்தியில தழும்பு உள்ள பயலா?"

"அவன்தான்."

"அவன் வாரப்பல்லாம் நல்லாப் படிடே மக்கான்னு நெத்தியில திருநீறு பூசி அனுப்புவேன் அத்தான்." அவன் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "பொடியையும் குடுத்து, திருநீறும் பூசி..."

என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் எழுந்து, ஆணியில் தொங்கிய சட்டைப் பையைத் துழாவிச் சாவிக்கொத்தை எடுத்தான்.

"கேஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஆனா நீங்க வாங்கிட்டுப் போவக்கூடாது. ஊரு பாக்க நானே குடுப்பேன்."

நாலு நாள் கழித்து அவன் வந்தான். மெலிந்துபோயிருந்தான். என் மனைவியும் கூட வந்து, தூரத்தில் டிக்கெட் கவுன்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அவனே ஷட்டரை இழுத்து மூடினான். பூட்டினான். சாவியைச் செயல் அலுவலர் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்காரர்கள் பக்கம் திரும்பினான்.

"என்னவே பாக்கிய? நான் படிக்காத பய, பாக்கெட்டுல படம் பாத்து வாங்கினேன். நீங்களும் அப்படித்தான் வாங்குதிய. போய் அவனவன் கடையப் பாருங்கவே!"

யாரும் உத்தரவு போடவில்லை. முதலில் பழக்கடைக்காரர் உள்ளே போய், பெயர் ஊர் இல்லாத மிட்டாய்ச் சரம் ஒன்றைக் கொண்டுவந்து கடை வாசலில் போட்டார். அடுத்து வெற்றிலைக் கடைக்காரர், வாயில் அதக்குகிற ஏதோ ஒரு பாக்கெட்டை. பிறகு ஒவ்வொருவராக. குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகிற அளவுக்குச் சேர்ந்துவிட்டது. அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, சொல்லுகிறேன், எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. பிறகு பக்கத்துப் பேரூராட்சிகளிலிருந்தெல்லாம் வந்து எங்கள் தீர்மானத்துக்கு நகல் வாங்கிக்கொண்டு போனார்கள். வந்தவர்களுக்கெல்லாம் என் செலவில்தான் காப்பி.

மச்சினனைக் கூட வைத்துக்கொள்கிறேன், மண்டிக்கு வா என்று சொன்னேன். அவன் வரவில்லை. "ஒரு தடவ நீங்க தூக்கிவிட்டது போதும் அத்தான்" என்றான். கோவில் தெருவில் ஒரு சின்ன இடம் பிடித்து, பில் இல்லாத ஒரு குச்சிப் பத்திகூட வாங்குவதில்லை என்ற வைராக்கியத்தோடு முதலிலிருந்து தொடங்கினான். வியாபாரம் முந்தி மாதிரி இல்லைதான். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு தள்ளிப்போயிருக்கிறது.

கடை பூட்டியதிலிருந்து என் மனைவி எனக்குச் சோறு போட்டாள், மோர் ஊற்றினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்திருந்தேன். அவள் அடுக்களையில் நின்று ஆழ்வார்திருநகரியில் இருக்கிற தன் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் தூங்கிவிட்டதாக நினைப்பு.

"...ஆமாக்கா, பூட்டிட்டாவ. சொந்த மச்சினன் கடைய. எல்லாரும் விட்டுக் குடுத்துருவோம்னாவ, இவுக முடியாதுன்னுட்டாவ. ஒங்க ஊரு மெம்பர செய்யச் சொல்லு பாப்போம்! எவன் செய்வான்?"

நான் கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும் என்று அப்படியே படுத்திருந்தேன்.